மலைக்குளிரில் கோழிக்கு வளைவுக் கொட்டகை: கட்டும் வரிசையும் தவறு நடக்கும் இடங்களும்

ஏற்காட்டிலும் அதைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலை ஊர்களிலும் ஐப்பசி பிறந்ததில் இருந்து தை முடியும் வரை கோழி வளர்ப்பவர்களுக்குச் சிரமமான காலம். குளிரை மட்டுமே நினைத்துப் பயந்து கொட்டகையை நாலு பக்கமும் இறுக மூடி விடுகிறார்கள். அடுத்த வாரமே கோழி தும்முகிறது, மூக்கு ஒழுகுகிறது, தரையில் பரப்பிய உமிக் கூளம் சேறாகிறது.

நன்றாகத் தின்று இறகு முளைத்த கோழி பத்து டிகிரி குளிரைத் தாங்கும். அதன் உடல் சூடு ஏறத்தாழ 41 டிகிரி. இறகைச் சிலிர்த்து உட்கார்ந்தால் அந்தச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால் தாங்க முடியாதது நனைந்த இறகும், ஈரக் கூளமும், அதிலிருந்து கிளம்பும் காரமான நெடியும்தான். ஆகவே பைப்பை வளைத்து நட்டு மேலே ஷீட் போர்த்தும் இந்த வளைவுக் கொட்டகையில் ஒவ்வொரு வேலையையும் ஈரம் உள்ளே வராமலும், வந்த ஈரம் தங்காமலும் இருப்பதற்காகவே செய்கிறோம். கீழே உள்ள அளவுகள் 10 அடி அகலம், 15 அடி நீளம் உள்ள கொட்டகைக்கு. 35 கோழிகள் வரை தாராளமாக இருக்கலாம்.

1. எப்போது தொடங்குவது

ஆவணி, புரட்டாசிக்குள் பொருளை வாங்கி மேலே ஏற்றி விடுங்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கிய பிறகு மண் ஈரத்தில் தரையை இடித்து இறுக்கித் திமிசு போட முடியாது. கார்த்திகையில் காப்பிப் பழம் பறிப்பு சூடு பிடித்து விடும், அப்போது உதவிக்கு ஆள் கிடைப்பது கஷ்டம்.

பாதையையும் கணக்கில் வையுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் சேலம் - ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்ததை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாதி கட்டிய கொட்டகையும் பெட்டியில் கோழியும் இருக்கும்போது ஷீட் கீழே சேலத்தில் மாட்டிக்கொண்டால் ஒன்றும் செய்ய முடியாது.

2. வாங்க வேண்டியவை

பைப்: ஒரு அங்குல யுபிவிசி, 20 அடி நீளம், 11 எண்ணம். ஆறு வளைவுக்கு ஆறு, நீளவாக்கில் கட்ட மூன்று, மூலைத் தாங்கலுக்கு இரண்டு. கொஞ்சம் கனமான தரத்தில் கேட்டு வாங்குங்கள். மெல்லிய பைப் வளைக்கும்போது மடங்கும்.

இந்த 20 அடிப் பைப்பை வெட்டாமல் கொண்டு வர வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு உள்ள பாதையில் சின்ன வண்டியின் பின்னால் நீட்டிக்கொண்டு வருவது ஆபத்து. சேலம் செவ்வாய்பேட்டைப் பக்கம் கடைகளில் வாங்கும்போதே, மலைக்குச் சரக்கு ஏற்றும் லாரியில் மற்ற கட்டுமானப் பொருளோடு சேர்த்துப் போடச் சொல்லி விடுங்கள். வண்டியில் ஏறாது என்று பத்தடியாக வெட்டிக் கொண்டு வந்து மேலே இணைப்பு போட்டு ஒட்டுபவர்கள் உண்டு. வளைவின் உச்சியில் அந்த ஒட்டுதான் முதலில் விடும்.

முளைக்கம்பி: 16 மில்லி முறுக்குக் கம்பி ஒரு முழு நீளம். அது 12 மீட்டர் வரும். கடையிலேயே மூன்றேகால் அடித் துண்டுகளாகப் பன்னிரண்டு வெட்டச் சொல்லுங்கள், சரியாக இருக்கும்.

ஷீட்: பசுமைக்குடிலுக்குப் போடும் 200 மைக்ரான் ஒளி புகும் ஷீட், வெயில் தாங்கும் யுவி வகை. அகலம் 23 அடி, நீளம் 21 அடி. சாதாரண நீலத் தார்ப்பாயை வாங்காதீர்கள். முதல் கோடையிலேயே பொரிந்து நூல் நூலாக உதிரும், அந்த நூலைக் கோழி கொத்தித் தின்னும். வெயில் தணிக்க அதே அளவில் 50 சதவீத நிழல்வலை ஒன்று.

வலை: அரை அங்குலக் கண் உள்ள வெல்டு வலை, மூன்றடி அகலத்தில் 50 அடி, இரண்டடி அகலத்தில் 50 அடி. இரண்டு முகப்புகளின் மேல்பகுதிக்கு அறுகோணக் கண் உள்ள சாதாரணக் கோழி வலை போதும்.

மரம்: பத்து அங்குல அகலப் பலகை, சுற்றிலும் வர மொத்தம் 50 அடி. முகப்புக்கு ஏழெட்டுக் கம்பங்கள், ரீப்பர் எனும் மெல்லிய சட்டக் கட்டைகள். மலையில் சில்வர் ஓக் எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. பலகைக்குக் கழிவு எஞ்சின் ஆயில் பூசும் வழக்கம் இருக்கிறது. கோழிக் கொட்டகைக்கு அது வேண்டாம், கோழி பலகையைக் கொத்திக்கொண்டே இருக்கும்.

மற்றவை: யூ கிளாம்ப், கட்டுக்கம்பி, நைலான் கயிறு, பழைய சைக்கிள் டியூப் நாலைந்து, வெள்ளைப் பெயிண்ட். சைக்கிள் டியூபை அலட்சியமாக நினைக்காதீர்கள். ஷீட் எத்தனை வருடம் தாங்கும் என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்தே இருக்கிறது.

3. இடமும் திசையும்

மேட்டில் காற்று அதிகம், பள்ளத்தில் ஈரமும் பனிமூட்டமும் அதிகம். இரண்டுக்கும் நடுவில், சரிவின் பாதி உயரத்தில், காலை வெயில் விழும் இடமாகப் பாருங்கள். பெரிய மரத்தடி வேண்டாம். மழை நின்ற பிறகும் மரம் வெகுநேரம் சொட்டும், காற்றில் கிளையும் விழும்.

பனிக்காலத்தில் இங்கே காற்று பெரும்பாலும் வடகிழக்கில் இருந்து வரும். கொட்டகையின் குறுகிய முகப்பு அந்தத் திசையைப் பார்க்கட்டும். நீளப்பக்கத்தைக் காட்டினால் பதினைந்து அடி ஷீட் முழுவதும் காற்றை வாங்கும், வளைவுகள் ஒரு பக்கமாகச் சாயும். கதவு எதிர்முகப்பில், தென்மேற்கில் வரும்.

ஆனால் மலை மடிப்புகளில் காற்று தன் பாட்டுக்குத் திரும்பும். நாகலூரில் ஒரு திசை என்றால் அடுத்த மடிப்பில் வேறு திசை. நினைத்த இடத்தில் ஒரு கம்பு நட்டு, துணிக்கிழிசலைக் கட்டி, சில நாள் காலையும் மாலையும் பாருங்கள். அது காட்டும் திசைதான் உங்கள் திசை.

கீழே ஓமலூர், ஆத்தூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே வெயில்தான் பிரச்சினை. நீளம் கிழக்கு மேற்காக இருக்க வேண்டும், பக்கங்களில் வலை மட்டும் போதும்.

4. தரையும் வடிகாலும்

பைப்பைத் தொடுவதற்கு முன்பே இந்த வேலை முடிந்திருக்க வேண்டும். புதிதாகக் கட்டுபவர்களில் பெரும்பாலானோர் சறுக்கும் இடம் இதுதான். வளைவு எழுந்து நிற்பதைப் பார்க்கும் ஆசையில் தரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு விடுகிறார்கள். கொட்டகை எழுந்த பிறகு உள்ளே குனிந்து மண் கொட்டித் திமிசு போடுவது இரட்டை வேலை, அதுவும் ஓரங்களில் சரியாக இறுகாது.

முதலில் சரிவின் மேல்பக்கம், கொட்டகை வரப்போகும் இடத்துக்கு மூன்றடி தள்ளி, ஓரடி அகலம் ஓரடி ஆழத்தில் பிறை வடிவில் ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். மேலிருந்து வரும் தண்ணீர் அதில் விழுந்து இரண்டு பக்கமும் பிரிந்து ஓட வேண்டும். வாய்க்கால் நேராக இருந்தால் நடுவில் தேங்கி உடைத்துக்கொண்டு உள்ளே வரும்.

அடுத்து, புல்லையும் மேல்மண்ணையும் செதுக்கி எடுங்கள். மேல்மண்ணில் மக்கும் சருகு இருக்கும், அது ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதன்மேல் 12 அடிக்கு 17 அடி பரப்பில் கிராவல் மண்ணை நாலு அங்குல உயரத்துக்குப் பரப்பித் தண்ணீர் தெளித்துத் திமிசு போடுங்கள். சுற்றிலும் ஓரடி கூடுதலாகப் போடுவது கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் மண் கரையாமல் இருக்க. சரிவின் கீழ்ப்பக்கம் ஓர் அங்குலம் தாழ்ந்திருக்கலாம்.

சிமெண்ட் தளம் போடலாமா என்று கேட்பார்கள். இந்த அளவுக்குத் தேவையில்லை. இறுகிய கிராவல் மேல் கனமான கூளம் போட்டால் கோழி கிளறும், கூளம் புரளும், காயும்.

5. முளை அடித்தல்

நாலு மூலைக்கும் குச்சி நட்டுக் கயிறு கட்டுங்கள். மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் குறுக்கு அளவு எடுங்கள். இரண்டு குறுக்கும் 18 அடிக்குக் கால் அங்குலம் சொச்சம் கூடுதலாக, ஒன்றுபோல வர வேண்டும். ஒன்று நீண்டு ஒன்று குறைந்தால் கொட்டகை சாய்சதுரமாகிவிடும். ஷீட் போடும்போது ஒரு மூலையில் மடிப்பு விழும், அந்த மடிப்பில் தண்ணீர் நிற்கும்.

நீளப்பக்கம் இரண்டிலும் மூன்றடிக்கு ஒன்றாக ஆறு முளை. கம்பியை இரண்டடி மண்ணுக்குள் இறக்குங்கள், ஒன்றேகால் அடி வெளியே நிற்கட்டும். நிமிர்ந்து நிற்க வேண்டும். பத்தடி அகலத்துக்கு இருபது அடிப் பைப்பை வளைத்தால் அது அடியில் ஏறக்குறைய நேராகவே நிற்கும், உச்சி ஏழரை அடி வரும். அகலத்தைப் பன்னிரண்டு அடியாக்கினால் இன்னும் பத்துக் கோழி வைக்கலாமே என்று தோன்றும். அப்போது உச்சி தாழும், பைப் ஓரத்தில் சாய்ந்து எழும், பக்கவாட்டில் நிமிர்ந்து நின்று வேலை செய்ய முடியாது.

மலை மண்ணில் ஓரடிக்குக் கீழ் பாறை தட்டுவது சகஜம். கம்பியைச் சம்மட்டியால் அடித்து வளைத்து விடாதீர்கள். முதலில் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். பாறை இருந்தால் ஜோடியாக எதிர்ப்பக்கத்து முளையையும் சேர்த்து நாலைந்து அங்குலம் நகர்த்தலாம். ஒரு பக்கத்தை மட்டும் நகர்த்தினால் அந்த வளைவு கோணலாக நிற்கும்.

6. வளைவு ஏற்றுதல்

விடியற்காலையில் இந்த வேலை வேண்டாம். குளிர்ந்த யுபிவிசி விறைப்பாக இருக்கும், வளைக்கும்போது வெடிக்கும். பைப்புகளை வெயிலில் கிடத்தி, பத்து மணிக்கு மேல் தொடங்குங்கள்.

இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் பைப்பின் ஒரு முனையை முளையில் செருகிப் பிடித்துக்கொள்ள, மற்றவர் மறுமுனையைத் தூக்கி மெதுவாக உள்நோக்கி நடந்து வந்து எதிர்முளையில் செருக வேண்டும். முதலில் இரண்டு கடைசி வளைவு, அப்புறம் நடுவில் உள்ள நாலு. கடைசி இரண்டையும் நிறுத்தி உச்சியில் ஒரு கயிறு கட்டினால் நடுவில் உள்ளவை ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். தாழ்ந்து நிற்பதற்கு அடியில் தட்டைக்கல் வைத்துச் சரி செய்யலாம்.

எல்லாம் நின்ற பிறகு பைப்பின் வெளிப்பக்கத்தில் வெள்ளைப் பெயிண்ட் ஒரு கை அடியுங்கள். பாலித்தீன் ஷீட் பிவிசி மேல் நேரடியாகப் பட்டுக்கொண்டே இருந்தால் அந்த இடத்தில் சீக்கிரம் நைந்து போகும். கறுத்த பைப் வெயிலில் சூடாகி இன்னும் கெடுக்கும். பெயிண்ட் இரண்டையும் தடுக்கும், பைப்பும் வெயிலில் பொரியாது.

7. உச்சிப் பைப்பும் மூலைத் தாங்கலும்

நீளவாக்கில் மூன்று பைப்: உச்சியில் ஒன்று, இரண்டு பக்கமும் நாலடி உயரத்தில் ஒவ்வொன்று. இருபது அடியை வெட்ட வேண்டாம், முன்னும் பின்னும் இரண்டரை அடி நீண்டிருக்கட்டும். முகப்புக்கு மேல் ஷீட்டை நீட்டி இழுத்துக் கட்ட அது உதவும்.

இந்த மூன்றையும் வளைவுகளுக்கு உள்பக்கம், அடியில் வைத்துக் கட்டுங்கள். மேலே வைத்தால் ஷீட் அவற்றின் மேல் படியும். இரவில் கோழியின் மூச்சில் இருந்து எழும் ஈரம் ஷீட்டின் உள்பக்கம் துளியாகப் படிந்து, சரிவில் வழிந்து, அந்தப் பைப்பில் முட்டிச் சொட்டும். கீழே அடைந்திருக்கும் கோழி விடியும்போது நனைந்திருக்கும். கூரை ஓட்டை என்று நினைத்து வெளியே ஒட்டுப் போட்டுக்கொண்டே இருப்பார்கள், காரணம் இதுவாக இருக்கும்.

கட்டுக்கம்பியின் முனையைக் கீழ்நோக்கி மடித்து, மேலே சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றுங்கள். ஒரு முனை துருத்திக்கொண்டு இருந்தாலும் முதல் காற்றிலேயே ஷீட்டில் ஓட்டை.

மீதி இரண்டு பைப்பையும் பாதியாக வெட்டி நாலு மூலையிலும் சாய்வாகக் கட்டுங்கள்: கடைசி வளைவின் அடியில் இருந்து மூன்றாவது வளைவின் தோள் வரை. இதை விட்டு விடுபவர்கள் நிறைய. வளைவுகள் பார்க்க உறுதியாகத்தான் தெரியும். நீளவாக்கில் காற்று தள்ளும்போது சீட்டுக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்வது தாங்கல் இல்லாததால்தான்.

8. வலை, ஷீட்டுக்கு முன்பே

ஷீட் போட்ட பிறகு வலை கட்டினால் எப்படியும் ஷீட் கிழியும். அதனால் வலை முதலில்.

மூன்றடி வலையை வளைவுகளின் வெளிப்பக்கம் சுற்றிக் கட்டுங்கள். உள்ளே கட்டுவது சுலபம்தான், ஆனால் நாய் வெளியில் இருந்து முட்டினால் கட்டுப் பிய்ந்து வலை உள்ளே விழும். வெளியே இருந்தால் முட்ட முட்ட வலை பைப்பின் மேல் அழுந்தும். வலையின் மேல்விளிம்பை மடித்து, அதன்மேலும் டியூப் அல்லது சாக்குத்துண்டு வைத்துத் தையுங்கள்.

இரண்டடி வலையைத் தரையில் வெளிப்பக்கமாகப் படுக்கப் போட்டு, நிற்கும் வலையோடு பின்னி, மேலே கல் அடுக்குங்கள். கீரியும் பெருச்சாளியும் சுவரோரம்தான் தோண்டத் தொடங்கும். அங்கே வலை இருந்தால் முன்னேற முடியாது. இரண்டடி தள்ளி வந்து தோண்டிப் பார்க்க அவற்றுக்குத் தோன்றுவதில்லை. பள்ளம் எடுத்து வலையைச் செங்குத்தாகப் புதைப்பதைவிட இது சுலபம், மலை மண்ணில் பள்ளம் எடுக்கும் பாடும் இல்லை.

முழுக்கக் கோழி வலையையே போட்டு முடிப்பவர்கள் உண்டு. அதை நாய் பல்லால் கிழிக்கும், எலியும் பாம்புக்குட்டியும் நுழையும். அது முகப்பின் மேல்பகுதிக்கு மட்டும் சரி. தோட்டம் காட்டை ஒட்டி இருந்து மரநாயும் காட்டுப்பூனையும் வருகிற இடமானால், வளைவின் மேல் முழுவதும் கோழி வலையைப் போர்த்தி அதற்கு மேல் ஷீட் போடுவது நல்லது.

வலைக்கு வெளியே அடியில் பலகையை வைத்து யூ கிளாம்ப் போட்டுப் பைப்போடு இறுக்குங்கள். பலகை மண்ணில் படாமல் தட்டைக்கல் மேல் நிற்கட்டும், இல்லாவிட்டால் கரையான் ஏறும். இந்தப் பலகை வலையைப் பிடிக்கும், கூளத்தை உள்ளே நிறுத்தும், ஷீட்டை ஆணி அடிக்கவும் இடம் தரும்.

9. முகப்புகளும் காற்று வழியும்

வடகிழக்கு முகப்பைத் தரையில் இருந்து ஐந்தடி வரை பலகையாலோ பழைய தகரத்தாலோ அடைத்து விடுங்கள். அதற்கு மேல் உச்சி வரை வலை மட்டும். தென்மேற்கு முகப்பு கீழே அரை அங்குல வலை, மேலே கோழி வலை, நடுவில் இரண்டரை அடிக் கதவு.

மேலே இருக்கும் இந்த இரண்டு வலைத் திறப்புகளையும் ஒரு நாளும் மூடாதீர்கள். சூடான ஈரக்காற்று உச்சிக்குத்தான் போகும், அங்கிருந்து வெளியேற வழி வேண்டும். கோழி அடைவது மூன்றடிக்குள், அதனால் ஐந்தடிக்கு மேல் போகும் காற்று அதன்மேல் வீசாது. பக்கத்து வீட்டார் பார்த்துவிட்டு, இவ்வளவு குளிரில் இப்படித் திறந்து வைத்திருக்கிறாயே என்று சாக்கு கொண்டு வந்து மாட்டச் சொல்வார்கள். மாட்டினால் மூன்று நாளில் ஷீட் முழுவதும் துளி கட்டி நிற்பதைப் பார்க்கலாம்.

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்பக்கம் திறந்தால் கூளம் தடுக்கும். கொண்டி மேலே ஒன்று, கீழே ஒன்று. மேலே மட்டும் இருந்தால் அடிமூலையை நாய் நெம்பி இடைவெளி உண்டாக்கும், அந்த இடைவெளியில் கீரி நுழைந்துவிடும்.

10. ஷீட் போர்த்துதல்

காற்றில்லாத, வெயில் அடிக்கும் நண்பகலில் செய்யுங்கள். வெயிலில் ஷீட் விரிந்து தளர்ந்திருக்கும். அப்போது இழுத்துக் கட்டினால் குளிரில் சுருங்கி இன்னும் விறைப்பாகும். குளிரில் கட்டினால் மத்தியானத்தில் தளர்ந்து படபடக்கும், படபடக்கிற ஷீட் மடிப்பிலேயே கிழியும்.

முதலில் ஒரு நீளப்பக்கத்தில் ஷீட்டின் ஓரத்தை ரீப்பரில் ஒரு சுற்று சுற்றிப் பலகையில் அடியுங்கள். நேராக ஷீட்டில் ஆணி அடித்தால் ஒவ்வோர் ஆணியிலிருந்தும் கீறல் ஓடும். பிறகு மேலே போர்த்தி மறுபக்கம் இழுத்து, நடுவில் தொடங்கி இரண்டு முனைக்கும் போங்கள். பலகைக்குக் கீழே தொங்கும் ஓரத்தைத் தரையில் வெளிப்பக்கமாக விரித்துக் கல் வையுங்கள், கூரைத் தண்ணீர் தள்ளிப் போய் விழும்.

இந்த மறுபக்கம் காற்று வராத பக்கமாக, அநேகமாகத் தென்கிழக்குப் பார்த்த நீளப்பக்கமாக இருக்கட்டும்; அங்கே பலகையில் ஆணி அடிக்காமல் ஒரு மூங்கில் கழியில் சுற்றி விடுங்கள். பகலில் வெயில் வரும்போது இரண்டடி சுருட்டி மேலே கட்டலாம், சாயங்காலம் இறக்கலாம். கூளம் காய்வதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

முன்னும் பின்னும் நீட்டிய ஓரத்தில் நைலான் கயிறு வைத்து மடித்து மூன்று பைப் முனைகளிலும் கட்டுங்கள். கடைசியாக, ஷீட்டுக்கு மேல் வளைவுகளுக்கு இடையில் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக எறிந்து இரண்டு பக்கமும் முளையில் இழுத்துக் கட்டுங்கள். காற்றில் ஷீட் உப்பிப் பிய்வதை இந்தக் கயிறு தடுக்கும்.

11. உள்ளே அமைப்பது

கூளத்துக்கு நெல் உமி அல்லது மரப்பட்டறையில் கிடைக்கும் இழைப்புச் சீவல், நாலு அங்குலத்துக்குக் குறையாமல். பனிக்காலம் முழுவதும் மேலே மேலே சேர்த்து ஆறேழு அங்குலம் ஆகலாம். கடலைத் தோல் சேலம் பக்கம் மலிவு, கீழே சரிதான். மலை ஈரத்தில் அதில் பூஞ்சணம் பிடிக்கும், கோழியின் மூச்சுக்கு ஆகாது. காப்பிப் பழத்தோல் இலவசமாகக் கிடைக்கிறதே என்று கொட்டுவார்கள், அது புளித்துக் கொழகொழவென்று ஆகிவிடும்.

அடையும் கம்பு வடகிழக்கு முகப்போரம், இரண்டரை அடி உயரத்தில், ஒரு கோழிக்கு எட்டு அங்குலம் என்று கணக்கிட்டுப் போடுங்கள். இரண்டு அங்குலப் பருமன் வேண்டும். அப்போதுதான் கோழி உட்காரும்போது விரல்கள் இறகுக்குள் மறையும். மெல்லிய கம்பில் விரல் சுற்றி வெளியே நீட்டும், குளிர் ஏறும். எல்லாக் கம்பும் ஒரே உயரத்தில் இருக்கட்டும், ஏற்ற இறக்கமாகப் போட்டால் மேல் கம்புக்குச் சண்டை. உச்சிப் பைப்புக்கு நேர் கீழே கம்பு வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்ப் பாத்திரத்தைக் கூளத்தின் மேல் வைக்காதீர்கள். கதவோரம், வலை போட்ட ஒரு சின்ன மேடை மேல் வையுங்கள். கூளம் ஈரமாவதற்கு மழைக்கு அடுத்த காரணம் இதுதான். தீவன மூட்டையையும் உள்ளே வைக்க வேண்டாம். ஈரத்தில் பூஞ்சணம் பிடித்த தீவனம் கோழியின் ஈரலைக் கெடுக்கும். முட்டைப் பெட்டி ஐந்து கோழிக்கு ஒன்று போதும்.

குண்டு பல்பு தொங்க விட வேண்டுமா? வளர்ந்த கோழிக்கு வேண்டாம். பாலித்தீனும் உமியும் இருக்கும் இடத்தில் சூடான பல்பு விழுந்தால் நெருப்புதான். குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். அந்த வேலையை வீட்டுக்குள்ளோ சுவர் வைத்த அறையிலோ செய்து, இறகு முழுவதும் முளைத்த பிறகு இங்கே கொண்டு வாருங்கள்.

12. கோழியை விடும் முன்னும் பின்னும்

கட்டி முடித்த அன்றே கோழியை விட வேண்டாம். ஒரு நல்ல மழை பெய்யட்டும். மழை வராவிட்டால் வாளியில் தண்ணீர் மொண்டு கூரையில் ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறது, எங்கே உள்ளே வருகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். இரவில் உள்ளே டார்ச் அடித்து வெளியே நின்று சுற்றி வாருங்கள். அடியில் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் எலி வரும் வழி.

வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைக் குளிர் இறங்கும் முன்பே பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டு விடுங்கள். நெருக்கமாக அடைந்திருக்கும் காலத்தில் நோய் ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும்.

அதன் பிறகு தினமும் காலையில் கதவைத் திறந்ததும் இரண்டு சோதனை. முதலாவது, குந்தி உட்கார்ந்து கோழியின் தலை உயரத்தில் மூச்சை இழுங்கள். நின்றபடி பார்த்தால் நெடி தெரியாது. கண் கரித்தால் காற்று போதவில்லை, அன்றைக்கே பக்கத்து ஷீட்டை நன்றாகச் சுருட்டி விடுங்கள். இரண்டாவது, கூளத்தை ஒரு கைப்பிடி எடுத்து அழுத்துங்கள். உருண்டையாக நின்றால் ஈரம். அழுத்தி விட்டதும் உதிர்ந்தால் சரி. ஈரமாக இருக்கும் இடத்தை மட்டும் அள்ளி வெளியே போட்டு, கொஞ்சம் நீர்த்த சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறி, புது உமி போடுங்கள். முழுக் கூளத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

மாலையில் அடைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு ஒரு பிடி மக்காச்சோளமோ கம்போ தூவுங்கள். தானியம் இரைப்பையில் இருந்தால் இரவு முழுவதும் செரிமானச் சூடு இருக்கும். தூவியதைத் தேடிக் கிளறும்போது கூளமும் புரண்டுவிடும்.

மூடுபனி இரண்டு மூன்று நாள் விலகாமல் நிற்கும் சமயங்களில் ஷீட்டின் உள்பக்கம் துளி கட்டத்தான் செய்யும். காலையில் நீளக் கழியில் துணி சுற்றி, உச்சியில் இருந்து ஓரத்துக்கு வழித்து விடுங்கள். தட்டி உதறாதீர்கள், அத்தனை தண்ணீரும் கூளத்தில் விழும்.

13. மாசி பிறந்ததும்

ஒளி புகும் ஷீட் வெயில் காலத்தில் உள்ளே சூட்டைக் கூட்டும். மலையிலும் மார்ச் நண்பகல் வெயில் உறைக்கும். கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்குவதைப் பார்க்கும் வரை காத்திருக்காமல், மாசி பிறந்ததுமே நிழல்வலையை ஷீட்டின் மேல் போர்த்தி, வடமேற்குப் பார்த்த நீளப்பக்கத்து ரீப்பரையும் கழற்றி இரண்டு பக்கமும் மூன்றடி சுருட்டிக் கட்டி விடுங்கள். வலை அப்படியே இருக்கட்டும்.

பனிக்காலக் கூளத்தை இப்போது மொத்தமாக அள்ளி வெளியே குவித்து மூடி வையுங்கள். பச்சையாகக் காப்பிச் செடிக்கோ மிளகுக் கொடிக்கோ போட்டால் வேர் கருகும், இரண்டு மூன்று மாதம் மக்கிய பிறகு போடலாம். தரையை இரண்டு நாள் வெயில் பட விட்டு, சுண்ணாம்பு தெளித்து, நாலு அங்குலம் புது உமியோடு மறுபடியும் தொடங்குங்கள். அடிப் பலகையில் எங்காவது மெத்தென்று இருந்தால் அந்தத் துண்டை இப்போதே மாற்றி விடுங்கள், மழைக்காலத்தில் அதை மாற்ற ஷீட்டையே கழற்ற வேண்டி வரும்.